சாமை ஏன் குறைந்தது என்று யாரைக் கேட்பது?

செம்மேட்டில் மூன்று நாளாக மழை. கரண்ட் வந்து வந்து போகிறது. இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் போன வாரம் போன் செய்தான். "சார், பாப்பா மேல்படிப்புக்கு ஏரியா ஸ்டடீஸ் படிக்கிறேங்குது. அது சரித்திரமா, பூகோளமா?" என்றான். "ரெண்டும்தான், இன்னும் நாலும் சேர்த்து" என்றேன். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு அதன் மொழி, மண், பயிர், சாமி, சந்தை எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பதுதான் வட்டார ஆய்வு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் இது பெரிதாக வளர்ந்தது. ரஷ்யாவோடு பனிப்போர் நடந்த காலம். மற்ற நாடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று 1958ல் சட்டம் போட்டே பணம் ஒதுக்கினார்கள். நமக்குக் கொடுத்த கோதுமைக்கு நாம் ரூபாயில் கட்டிய பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு, 1962 முதல் இங்குள்ள புத்தகங்களை வாங்கி அங்குள்ள நூலகங்களுக்கு அனுப்பினார்கள். தமிழ்ப் புத்தகங்களும் அப்படிப் போயின. கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்களை, அவர் இறந்த பிறகு வாங்கியதும் சிகாகோ பல்கலைக்கழகம்தான். நல்லவேளையாக அவை சென்னையிலேயே நூலகமாக இருக்கின்றன.

இதில் எனக்கு நன்றியும் உண்டு, வருத்தமும் உண்டு. நம்மைப் பற்றி அறிய நம்மைவிட மற்றவர்கள்தான் அதிகம் மெனக்கெட்டிருக்கிறார்கள்.

நம் மலையையே பாருங்கள். கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமை, மல்லியச்சாமை என்று எத்தனை வகை இருந்தது! இன்று எங்கும் மரவள்ளி. ஏன் என்று பயிர் படித்தவரைக் கேட்டால் மண்ணையும் மழையையும் சொல்வார். கணக்குப் படித்தவர், கீழே சேகோ பேக்டரிகள் காசு கொடுத்து வாங்குகின்றன என்பார். ரோடு வந்து லாரி ஏறியதும், ரேஷன் அரிசி வந்ததும் காரணம்தான். ஆனால் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். "சாமையை உரலில் குத்திக் குத்திக் கை போச்சுங்க சார்" என்பார்கள். இந்தப் பதில்கள் எல்லாம் சேர்ந்தால்தான் உண்மை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே விதையோடு நிற்காமல், உமி நீக்கும் இயந்திரத்தையும் கொண்டுவந்தது அதனால்தான்.

ஆராய்ச்சிக்கு வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, பாட்டிமார்களிடம் நாள் கணக்கில் கேட்டு எழுதிக்கொண்டு போன ஒருவர், அதில் ஒரு பிரதியை நமக்குக் கொடுத்தனுப்பவில்லை. எழுதியது தமிழிலும் இல்லை. எடுத்ததைத் திருப்பித் தராத படிப்பு பாதிப் படிப்புதான் என்பது என் கருத்து.

நானும் தப்புச் செய்தவன். ஒருமுறை "காலை உணவு" என்று எழுதச் சொன்னபோது ஒரு பிள்ளை "சாமைச்சோறு" என்று எழுதினாள். புத்தகத்தில் உள்ளபடி "இட்லி" என்று திருத்திச் சிவப்பு மையில் போட்டேன். நைல் நதியை மனப்பாடம் செய்ய வைத்தேன். அவள் வீட்டுக் கொல்லையில் என்ன விளைகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. அந்தச் சிவப்பு மை இன்னும் உறுத்துகிறது.

ஆகவே பிள்ளைகளே, அந்தப் பாப்பா தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் லீவில் மலைக்கு வந்து தன் அப்பாயியோடு ஒரு வாரம் உட்காரட்டும். நீங்களும் வளப்பூர்நாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு என்று எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். விதையின் பெயர், விதைக்கும் மாதம், நோம்பி, பக்குவம், எதுவானாலும் சரி. தமிழிலேயே எழுதுங்கள்.

எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்க மாட்டேன். எனக்கு அனுப்புங்கள், நோட்டில் ஒட்டி வைக்கிறேன். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்
செம்மேடு