‘மறு உத்தரவு வரும்வரை’

மில்லர்புரத்தில் உள்ள நம் இதழின் அறைக்கு ஒரு நாள் மாலை விசைப்படகுத் தொழிலாளி ஒருவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். மடிப்புகள் வியர்வையில் நைந்திருந்தன. அவர் வேலை செய்யும் படகுக்கு வந்த கடிதத்தின் நகல் அது. மேலே படகின் பதிவு எண், உரிமையாளர் பெயர். கீழே இரண்டே வரி: விதிமீறல் காரணமாக இந்தப் படகுக்கு மறு உத்தரவு வரும்வரை டோக்கன் (கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு) வழங்கப்படாது. எந்த விதி, எந்தத் தேதி, கடலில் எந்த இடம் என்று எதுவும் இல்லை.

“தப்பு நடந்துச்சா இல்லையான்னு பேச வரல ஐயா. எத்தன நாளுன்னு சொல்லிட்டா போதும். அதுக்கேத்த மாதிரி வேற வேலைக்குப் போயிருவேன். தெனமும் விடியக்காலைல துறைமுகத்துக்கு வந்து நின்னுட்டுத் திரும்பிப் போறதுதான் முடியல.”

அந்தப் படகு கரையோரத்தில் மடிவலை இழுத்திருந்தால் அதற்குத் தண்டனை வேண்டும். நாட்டுப்படகுக்காரர் விரித்த வலையை அறுத்துக்கொண்டு போகும் படகை இந்த இதழ் ஒருநாளும் ஆதரித்ததில்லை. நாம் எழுத வந்தது அந்த மூன்று சொற்களைப் பற்றி. மீன்வளத் துறை அலுவலர்களும் சங்க நிர்வாகிகளும் ஊர்க் கமிட்டியினரும் தங்கள் தாள்களிலிருந்து ‘மறு உத்தரவு வரும்வரை’ என்பதை அடித்துவிட வேண்டும். எச்சரிக்கைக்கும் தண்டத்திற்கும் தடைக்கும் எழுதிவைத்த படிகள் வேண்டும். ஒவ்வொரு தடைக்கும் முடிவுத் தேதி வேண்டும்.

தடை என்ற சொல்லைக் கேட்டதும் முரண்டு பிடிக்கிறவர்கள் அல்ல நம் மக்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 வந்தால் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்படுகின்றன. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடைக்காலம் 2017 முதல் 61 நாளாக, ஜூன் 14 வரை நீண்டது. நாள் கூடியபோது முணுமுணுப்பு எழுந்தது உண்மைதான். ஆனாலும் படகுகள் கட்டப்பட்டன, இன்றும் கட்டப்படுகின்றன. தொடங்கும் நாளும் முடியும் நாளும் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பெரிய முதலாளியின் படகுக்கும் கடன் வாங்கிக் கட்டிய படகுக்கும் ஒரே கணக்கு. காரணமும் தெரியும்: மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம். வீட்டில் உலை வைக்க நிவாரணமும் உண்டு. 5,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 8,000 ஆக உயர்ந்திருக்கிறது. போதுமா என்றால் போதாது. என்றாலும் தடை போடுகிறவர் தடைபடுகிறவரின் அடுப்பையும் நினைத்தார் என்பதற்கு அது ஒரு சாட்சி.

முத்துக்குளிப்பிலும் இதே நியாயம்தான் இருந்தது. தோலாயிரம் பார் போன்ற முத்துச்சிப்பிப் பார்களைச் சோதித்து, சிப்பி முதிர்ந்திருந்தால் மட்டுமே குளிப்பு அறிவிப்பார்கள். கடைசித் தொடர் 1955 முதல் 1961 வரை நடந்தது. அதற்கு முன்பும் பல ஆண்டுகள் பார்கள் மூடியே கிடந்ததுண்டு. கடலை மூடிவைத்துத் திறப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. காரணம் தெரியாமல், நாள் தெரியாமல் மூடினால்தான் வயிறு எரிகிறது.

இனித் தனிப்படகுமேல் வரும் நடவடிக்கையைப் பார்ப்போம். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது. அன்று அந்த எல்லை 3 கடல் மைல். எல்லையை மீறினால் விசாரணை, தண்டம், உரிமத்தின்மேல் நடவடிக்கை என்று சட்டத்தில் வழி இருக்கிறது. நடைமுறையில் கைக்கு எளிதாக வருவது டோக்கனை நிறுத்துவதும் மானிய டீசலை நிறுத்துவதும்தான். இரண்டுக்கும் ஒரு வாய்மொழி போதும். அதனால் அவை முதல் படியிலேயே வந்துவிடுகின்றன. எச்சரிக்கை என்ற படி பெயருக்குத்தான் இருக்கிறது. ஒருவருக்கு நான்கு முறை வாயால் சொல்லி அனுப்புகிறார்கள், இன்னொருவருக்கு முதல் முறையே படகு கட்டப்படுகிறது. இருவர் செய்ததும் ஒன்றாக இருக்கலாம். துறைமுகத்தில் இதைப் பார்த்து நிற்கிறவர் ‘ஆள் பார்த்துத் தண்டனை’ என்று முடிவுகட்டிவிடுகிறார். அந்த எண்ணம் ஊன்றிய இடத்தில் எந்த விதியும் நிற்காது.

படகைக் கட்டினால் யார் பட்டினி கிடக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எல்லை மீறச் சொன்னவர் உரிமையாளராக இருக்கலாம், டிரைவராக இருக்கலாம். பங்குக்கு வேலை செய்யும் தொழிலாளியிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். படகு கட்டிக் கிடக்கும்போது முதலில் காய்வது அவர் வீட்டு அடுப்பு. தண்டம் உரிமையாளரின் கணக்கில் விழும். முடிவில்லாத தடை தொழிலாளியின் தலையில் விழுகிறது.

படிகளே இல்லாத தண்டனை எப்படி இருக்கும் என்பதற்கு மன்னார் வளைகுடாவில் கடல் அட்டையே உதாரணம். 2001இல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. முதல் அட்டவணை உயிரினம் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு சிறை. வலையில் தானாக ஏறிவந்ததைத் தூக்கி எறியாதவரும் மூட்டை மூட்டையாகக் கடத்துகிறவரும் ஒரே பிரிவின் கீழ் நிற்கிறார்கள். அதே ஆண்டு ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் எல்லாவற்றையும் அட்டவணையில் சேர்த்தார்கள். மீனவர்களின் எதிர்ப்பு கிளம்ப, டிசம்பரிலேயே பட்டியலைச் சில இனங்களோடு சுருக்கினார்கள். அளவு பார்க்காமல் போட்ட தடையை ஐந்தே மாதத்தில் திருத்த முடிந்தது. கடல் அட்டை மீனவர் அந்தத் திருத்தத்துக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறார்.

படிகள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எதிர்க்கரையைப் பார்க்கலாம். 2012 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை உட்பட எட்டு நாடுகளுக்கு ‘மஞ்சள் அட்டை’ காட்டியது. ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்கும் கருவி இல்லை, விதிமீறலுக்குத் தகுந்த தண்டனை இல்லை என்று குறைகளை எழுதிக் கொடுத்தது. திருத்திக்கொள்ள அவகாசமும் தந்தது. போதுமான அளவு திருந்தவில்லை என்று 2014 அக்டோபரில் ‘சிவப்பு அட்டை’ வந்தது. 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பியச் சந்தை மூடியது. அந்த அடி பெரிது. ஆனால் எதைச் செய்தால் கதவு திறக்கும் என்பது கொழும்புக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது. சட்டம் திருத்தினார்கள், படகுகளில் கண்காணிப்புக் கருவி பொருத்தினார்கள். 2016 ஜூனில் தடை நீங்கியது. எச்சரிக்கை, காரணம், அவகாசம், தடை, திரும்பும் வழி என்ற ஐந்தும் இருந்ததால் அந்தத் தடை ஒரு நாட்டின் மீன்பிடித் தொழிலைத் திருத்தியது.

தன் படகுகளுக்கும் அதே ஒன்றியம் புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறது. கடுமையான விதிமீறலுக்குப் புள்ளிகள் ஏறும். 18 புள்ளி சேர்ந்தால் உரிமம் குறைந்தது 2 மாதம் நிறுத்தம். 36 ஆனால் 4 மாதம், 54 ஆனால் 8 மாதம், 72 ஆனால் ஓர் ஆண்டு. 90 சேர்ந்தால் உரிமமே போய்விடும். மூன்று ஆண்டு ஒழுங்காகத் தொழில் செய்தால் பழைய புள்ளிகள் அத்தனையும் அழியும். அந்தக் கடைசி விதிதான் நமக்கு அவசரமாக வேண்டியது. நம் சங்கங்களில் அப்பன் செய்த தவறைச் சொல்லி மகனை மடக்குகிறோம். பத்தாண்டுக்கு முந்தைய சண்டை இன்றும் கூட்டத்தில் எழுகிறது. எச்சரிக்கைக்கும் ஆயுள் உண்டு என்று எழுதிவைக்காதவரை மன்னிப்பு என்பது தலைவரின் மனநிலையைப் பொறுத்ததாகவே இருக்கும்.

‘தண்டனை இளகினால் பயம் போய்விடும்’ என்று அனுபவமுள்ள நிர்வாகிகள் சொல்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் துறைமுகத்தில் நாம் பார்ப்பது வேறு. தண்டனை மிகப் பெரிதாக இருக்கும்போது அதைக் கொடுக்க வேண்டியவரே தயங்குகிறார். ‘பாவம், பிள்ளைகுட்டிக்காரன்’ என்று முதல் தவறையும் இரண்டாம் தவறையும் கண்டும் காணாமல் விடுகிறார். மூன்றாவது முறை கோபத்தில் படகையே கட்டிவிடுகிறார். சிறிய தண்டனை என்றால் முதல் நாளே கை நீளும், பதிவேட்டில் ஏறும். பொதுச்சொத்தைத் தாங்களே காத்துக்கொண்ட சமூகங்களை ஆராய்ந்து 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரமும் இதைத்தான் கண்டார். நெடுங்காலம் நிலைத்த சமூகங்களில் முதல் தவறுக்குத் தண்டம் மிகச் சிறியது, தவறு திரும்பத் திரும்பத்தான் ஏறும். ‘உன்னைப் பார்த்துவிட்டோம்’ என்று மீறியவருக்கும் ‘நீ மட்டும் ஏமாளி அல்ல’ என்று மற்றவருக்கும் அந்தச் சிறு தண்டம் சொல்லிவிடுகிறது.

இந்தக் கரையிலேயே பழைய முன்மாதிரி உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், 1544இல் தம் துணைவர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில் சாராயம் குடிக்கும் பெண்களுக்கு ஒரு பணம் தண்டம், மூன்று நாள் காவல் என்று கணக்குச் சொல்லி எழுதினார். புன்னைக்காயலில் குடி தொடர்ந்தால் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளே பொறுப்பு என்றும் எச்சரித்தார். பெண்களை மட்டும் குறிவைத்த அந்த ஆணையை இன்று ஏற்க முடியாது. ஆனால் தண்டம் இவ்வளவு, காவல் இத்தனை நாள், தலைவருக்கும் பொறுப்பு உண்டு என்ற தெளிவு அதில் இருந்தது. ஏறக்குறைய 480 ஆண்டுகளுக்குப் பிறகு வரும் நம் தாள்களில் அந்தத் தெளிவைக் காணோம்.

அலுவலர்கள், சங்கங்கள், ஊர்க் கமிட்டிகள் ஆகிய மூவர் முன்னும் நாம் வைப்பது இது. நடவடிக்கை எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும். மீறிய விதி, தேதி, நேரம், இடம், முடிவெடுத்தவர், முடியும் நாள் ஆகியவை அதில் இருந்தே ஆக வேண்டும். முதல் முறை எழுத்து எச்சரிக்கை, இரண்டாவது முறை தண்டம், மூன்றாவது முறை நாள் குறித்த டோக்கன் நிறுத்தம், அதன் பிறகே உரிமத்தில் கை வைக்கலாம். வெடி வைத்துப் பிடித்தல், வேண்டுமென்றே வலையை அறுத்தல், கடலில் ஆள்மேல் கை வைத்தல் ஆகியவற்றுக்கு மட்டும் படி தாண்டலாம். எவை எவை என்பதும் முன்கூட்டியே பட்டியலில் இருக்க வேண்டும். மூன்று ஆண்டு தவறில்லாமல் போனால் பழைய எச்சரிக்கை செல்லாது. புகார் சொன்னவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, தீர்ப்புச் சொன்னவரே மேல்முறையீட்டைக் கேட்கவும் கூடாது. தொழிலாளி வேறு படகில் ஏறித் தொழிலுக்குப் போவதை எந்தத் தடையும் மறிக்கக் கூடாது.

ஊர்க் கமிட்டிகளுக்குத் தனியாக ஒரு சொல். ஊர்க் கட்டுப்பாடு நமக்குத் தேவை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்ற வழக்கத்தை இந்தக் கரையின் பல ஊர்கள் காத்து வருவது போலீஸ் வைத்தல்ல, அந்தக் கட்டுப்பாட்டால்தான். ஆனால் தொழிலில் செய்த தவறுக்காக ஒரு குடும்பத்துக்குக் கடைச்சாமான் கொடுக்காதே, கல்யாணத்துக்குப் போகாதே என்று ஊர் விலக்கம் வைப்பது தண்டனை அல்ல, கொடுமை. இப்படிச் செய்வதைக் குற்றமாக்கி மகாராஷ்டிரம் 2016இல் தனிச்சட்டமே கொண்டுவந்தது. சட்டம் வந்து தடுக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தொழில் தவறுக்குத் தொழிலில் மட்டுமே தண்டனை என்று ஒவ்வொரு ஊரும் தீர்மானம் போடலாம்.

இதையெல்லாம் உட்கார்ந்து பேச எப்போது நேரம் என்று கேட்பவர்களுக்குத் தடைக்காலமே பதில். அந்த 61 நாளில் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுகிறோம், பெயிண்ட் அடிக்கிறோம், வலையைப் பிரித்துக் கண்ணி கண்ணியாகப் பார்த்துக் கிழிசல் தைக்கிறோம். அந்த நாள்களில் ஒரு பிற்பகலைச் சங்கத்தின் விதிப் புத்தகத்துக்குக் கொடுப்போம். அலுவலரையும் அழைப்போம், பங்குத் தொழிலாளியையும் முன்வரிசையில் உட்காரவைப்போம். ஜூன் 15 விடியலில் முதல் படகு கிளம்பும்போது, தவறினால் என்ன நடக்கும், எத்தனை நாளில் திரும்பலாம் என்பது அதில் ஏறும் கடைசித் தொழிலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.