விதைநெல்லுக்கு மேலே காயும் தகரம்

வைகாசி மாதத்து நண்பகலில் எமது சங்கக் களஞ்சியம் ஏதாவது ஒன்றினுள் கால் மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே விளங்கும். வெளியே மரநிழலில் நிற்கலாம், உள்ளே நிற்க முடியாது. நாம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறோம். விதைநெல் மூடைகள் அங்கேயே கிடக்கின்றன.

மாசி, பங்குனியில் அறுத்த காலபோக நெல்லில் விதைக்கென்று ஒதுக்கியது, புரட்டாதி, ஐப்பசி விதைப்பு வரை இருக்க வேண்டும். ஆண்டின் மிகக் கொடிய வெயில் முழுவதும் இந்த இடைக்காலத்தில்தான் வருகிறது. விதை அறிஞர்கள் ஹரிங்ரன் விதி என்று ஒன்றைச் சொல்வார்கள். விதை இருக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறையுந்தோறும் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். விதையின் ஈரப்பதன் ஒரு வீதம் குறைந்தாலும் அப்படியே. இது நுணுக்கமான கணக்கல்ல, ஆனால் எங்கள் கமக்காரருக்குப் போதுமான கணக்கு. முளைதிறன் குறைந்த நெல்லை வைத்திருப்பவர் இரண்டு புசல் போதுமான இடத்தில் மூன்று புசல் விதைக்கிறார். குத்தகைக் காணியில் கடனுக்கு விதைக்கும் இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு அந்த மூன்றாவது புசல் சிறிய விடயமல்ல.

பெரும்பாலான சங்கங்களில் கூரை ஒழுகத் தொடங்கியதும் “தகரத்தைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்” என்று தீர்மானம் எழுதப்படுகிறது. பிறகு ஏதாவது நிறுவனத்தின் திட்டம் வரும் வரை காத்திருப்பு. அதற்கிடையில் இரண்டு மாரி கழிந்துவிடும். என் அபிப்பிராயம் இதற்கு மாறானது. தகரம் உக்கவில்லையென்றால் அதைக் கழற்ற வேண்டாம். கழுவி, ஓட்டைகளை அடைத்து, வெயிலைத் திருப்பி எறியும் வெள்ளை அக்றிலிக் கூரைப்பூச்சைப் பூசுங்கள்.

புதுத் தகரம் பளபளப்பாக இருப்பதால் குளிர்ச்சியாக இருக்கும் என்று எண்ணுவோர் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களுக்கும், 2009இன் பின் வன்னியில் தகரக் கொட்டிலில் மீளக் குடியேறியவர்களுக்கும் அது பொய் என்று தெரியும். பளபளப்பான உலோகம் வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பினாலும், உள்வாங்கிய வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. துருவேறியபின் உள்வாங்குவது இன்னும் கூடும். நல்ல வெள்ளைப் பூச்சோ புதிதாக இருக்கும்போது வெயிலில் ஏறக்குறைய 80 வீதத்தைத் திருப்பிவிடும். வாங்கிய கொஞ்ச வெப்பத்தையும் வானத்துக்கே விட்டுவிடும். தூசு படியப் படிய அந்த வீதம் குறையும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்.

ஒழுக்கின் காரணமும் வெப்பந்தான். 10 அடித் தகரம் ஒன்று 40 பாகை சூடேறும்போது ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் நீளுகிறது, இரவில் சுருங்குகிறது. நாள்தோறும் இப்படி இழுபட்டு ஆணித்துளை பெருக்கிறது. அக்றிலிக் பூச்சு றப்பர் போல ஈடுகொடுக்கும்; அத்தோடு தகரம் சூடேறுவதையே குறைக்கிறது. சுண்ணாம்பும் வெயிலைத் திருப்பும், மலிவானதுங்கூட. 2017இல் இந்தியாவின் அகமதாபாத் நகரில் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசியபோது சுண்ணாம்பைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் எங்கள் மாரிக்கு அது நின்று பிடிக்காது, ஒவ்வொரு கோடைக்கும் பூச வேண்டும். அதற்கு ஆயத்தமான சங்கம் சுண்ணாம்பையே பூசட்டும், நான் குறை சொல்லேன்.

பூச்சு மந்திரமல்ல. நான் அறிந்த ஒரு களஞ்சியத்தில் துருவின் மேலேயே பூசினார்கள். வாளி காணாமற் போகத் தண்ணீர் கலந்து நீட்டவும் செய்தார்கள். அடுத்த மாரியில் அது பாம்புச் சட்டை போல உரிந்து பீலியை அடைத்தது. துருவைக் கம்பித்தூரிகையால் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு ஒன்று கொடுத்து, தளர்ந்த ஆணிகளை எடுத்து றப்பர் வாசர் வைத்த திருகாணி போட்டு, பொருத்துகளில் துணிநாடா வைத்து அடைத்த பிறகே வெள்ளை. அதுவும் இரண்டு தரம், தடிப்பாக. காலைப் பனி காய்ந்தபின் தொடங்கி, தகரம் கொதிக்குமுன் நிறுத்த வேண்டும். விரலால் குத்தினால் ஓட்டை விழும் தகரத்துக்கு எந்தப் பூச்சும் உதவாது, அதை மாற்றத்தான் வேண்டும். தண்ணீர் தேங்கும் தட்டைக் கூரைக்கும் அக்றிலிக் ஏற்றதல்ல.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பழைய சங்கக் கட்டடங்களிலும் அரிசி ஆலைகளிலும் உள்ள அஸ்பெஸ்ரஸ் கூரையில் கம்பித்தூரிகையைத் தொடவே கூடாது. அந்தத் தூசு சுவாசப்பையில் புற்றுநோயை உண்டாக்கும். நோய் வெளிப்படப் பல பத்து ஆண்டுகள் செல்லும். செல் விழுந்து உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் எடுத்து விளையாடுவதை நான் கண்டிருக்கிறேன். அக்கூரையில் ஏறுவதும் ஆபத்து, காலுக்குக் கீழே உடைந்துவிடும். அதை வேலை தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கூரைத் தண்ணீரைக் குடிக்கச் சேர்க்கும் இடங்களில், குடிநீருக்கு உகந்த பூச்சா என்று வாங்குமுன் கேளுங்கள். இல்லையெனில் அந்தத் தண்ணீர் தோட்டத்துக்கு.

உதவி நிறுவனங்களுக்கும் ஒரு சொல். புதுக் கட்டடத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம், நாடா வெட்டலாம். பூச்சுக்கு அதற்கெல்லாம் இடமில்லை என்பதாலோ என்னவோ, பழுதுபார்ப்புக்கென்று பணம் கேட்டால் முகங்கள் மாறுகின்றன. களஞ்சியம் கட்டித் தரும் ஒவ்வொரு திட்டத்திலும் கூரைப் பூச்சுக்கும், சில ஆண்டுகளின் பின் மறுபூச்சுக்கும் ஒரு தொகை எழுதப்பட வேண்டும். எழுதாத திட்டத்தில் கையொப்பமிடுமுன் சங்கத் தலைவர்கள் ஏன் என்று கேட்கலாம்.

பூசும் வேலையை ஆவணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு முதல் ஒரு காலையில், ஏணியைச் சாத்தி இருவர் பார்த்து, உக்கிய தகரம் எத்தனை, நல்ல தகரம் எத்தனை, மாற்ற வேண்டிய ஆணி எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டு பொதுக்கூட்டத்துக்கு வாருங்கள்.