மருந்து நான்கு டாலர், சீட்டு எவ்வளவு?

அமெரிக்காவில் வாழும் ஹிஸ்பானிக் மக்களில் கணிசமானோர் மருத்துவரின் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சாப்பிடுகின்றனர். இதை மறுப்பதற்கில்லை. மன்ஹாட்டனில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹிஸ்பானிக் பகுதியில் பார்க்கப்பட்ட கடைகள் அனைத்திலும் சீட்டின்றி ஆன்டிபயாடிக் கிடைத்தது. வெள்ளையர், கறுப்பினத்தவர் பகுதிக் கடைகளில் ஒன்றில்கூடக் கிடைக்கவில்லை. மறுக்க வேண்டியது, இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தைத்தான். சொந்த நாட்டில் பழகிய பழக்கத்தை விட மாட்டார்கள், மருந்தைப் பற்றிய விவரம் தெரியாதவர்கள், டாக்டரிடம் போக மாட்டார்கள் என்று அந்தக் காரணம் பல குரல்களில் ஒலிக்கிறது. சுருக்கமாக, கோளாறு அவர்களின் பண்பாட்டில் இருக்கிறது என்பது வாதம்.

முதலில் ஊர்ப் பழக்கம். 'ஹிஸ்பானிக்' என்பது ஒரே ஊரைக் குறிக்கும் பெயரல்ல. பல நாட்டு வம்சாவளியினரை அரசுக் கணக்கெடுப்புக்காக ஒன்றாகத் தொகுத்த தலைப்பு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தத் தலைப்பின் கீழ் வருவோர் சுமார் 6.2 கோடிப் பேர். இவர்களில் பெரும்பான்மையினர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவர்கள். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க் வந்தவரை எடுத்துக்கொண்டால், அவருடைய தீவிலும் அமெரிக்க மருந்துச் சட்டமே நடப்பில் இருக்கிறது. 1951-இல் அமெரிக்கச் சட்டம் சீட்டுக்குரிய மருந்து எது, சீட்டின்றி விற்கத்தக்கது எது என்று பிரித்ததே, அந்தப் பிரிவினை அங்கும் பொருந்தும். அவரிடம் எந்த அயல்நாட்டுப் பழக்கத்தைத் தேடுவது?

மெக்சிகோ வேறு கதை. அங்கும் சீட்டு வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமே சொன்னது, யாரும் கண்டுகொள்ளவில்லை. 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியதற்குப் பிறகு அரசு விழித்துக்கொண்டு, 2010 ஆகஸ்ட் 25 முதல் சீட்டில்லாத ஆன்டிபயாடிக் விற்பனையை உண்மையாகவே தடுத்தது. சிலி இதை 1999-இலேயே செய்துவிட்டது. பிரேசிலும் 2010-இல் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. மெக்சிகோவில் அடுத்து நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. மருந்துக் கடைகளை ஒட்டிய சிறு மருத்துவ அறைகள் பெருகின. 'ஃபார்மாசியாஸ் சிமிலாரெஸ்' போன்ற சங்கிலிக் கடைகளின் பக்கத்து அறையில் மிகக் குறைந்த கட்டணத்துக்கு மருத்துவர் பார்ப்பார். சீட்டை வாங்கிக்கொண்டு அடுத்த கதவில் நுழைந்தால் மருந்து. கடைக்காரரே மருத்துவரையும் அமர்த்தினால் சீட்டு தாராளமாகத்தான் எழுதப்படும் என்ற விமர்சனம் அங்கே உண்டு, அது நியாயமானதும்கூட. ஆனாலும் ஆன்டிபயாடிக் பயன்பாடு அந்தத் தடைக்குப் பிறகு குறைந்தது. சீட்டு எளிதாகக் கிடைத்த இடத்தில் மக்கள் சீட்டு வாங்கினார்கள். பண்பாட்டில் ஊறிய பழக்கம் என்றால் இது நடந்திருக்காது.

பழைய தலைமுறையினரிடம் ஊரின் சாயல் இருக்கிறது என்பது உண்மையே. காய்ச்சல் என்றால் ஊசி, தொண்டை வலி என்றால் ஆம்பிசிலின் என்ற நம்பிக்கை அவர்களோடு எல்லை தாண்டி வந்தது. ஆனால் ஒரு பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி; ஐம்பது ஆண்டு கழித்தும் அது ஏன் உயிரோடு இருக்கிறது என்பது வேறொரு கேள்வி.

அடுத்தது அறியாமை. சளிக்கும் இருமலுக்கும் பெரும்பாலும் வைரஸே காரணம், அங்கே ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பது இவர்களுக்குத் தெரியாது என்கிறார்கள். பலருக்குத் தெரியாதுதான். அதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று பார்த்தால் வாதம் திரும்பிக் குத்துகிறது. 2016-இல் வெளியான தேசிய அளவிலான கணக்கு ஒன்றின்படி, அமெரிக்காவின் புறநோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதும் ஆன்டிபயாடிக் சீட்டுகளில் சுமார் 30% தேவையற்றவை. போன குளிர்காலத்தில் ஒரு நோயாளியின் இருமலுக்கு மருத்துவர் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். இருமல் தானாகவே தணிந்தது. பெயர் மருந்துக்குப் போனது. இந்தக் குளிர்காலத்தில் அதே இருமலுக்கு அந்த நோயாளி அதே மருந்தைத் தேடுகிறார். அவர் பாடத்தைத் தவறாகப் படிக்கவில்லை, பாடமே தவறு.

மூன்றாவது வாதம், மருத்துவரிடம் போக மாட்டார்கள் என்பது. இதுதான் எல்லாவற்றிலும் பலவீனமானது. டெக்சாஸின் ஹூஸ்டனில் ஆரம்ப சிகிச்சை நிலையங்களுக்கு வந்த 400 பேரிடம் பேய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் விசாரித்து 2016-இல் முடிவை வெளியிட்டனர். கால்வாசிப் பேர், தேவைப்பட்டால் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிடுவோம் என்றனர். இவர்கள் மருத்துவரைப் புறக்கணித்தவர்கள் அல்லர். மருத்துவரைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தவர்கள். எப்போது மருத்துவரிடம் வருவது, எப்போது வராமல் சமாளிப்பது என்று அவர்கள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கை அருகில் போய்ப் பார்க்கலாம். அமாக்ஸிசிலின் அமெரிக்காவில் விலை உயர்ந்த மருந்தல்ல. வால்மார்ட் 2006-இல் தொடங்கிய நான்கு டாலர் மருந்துப் பட்டியலில் அது இடம்பெற்றது. பப்ளிக்ஸ் என்ற பல்பொருள் அங்காடி 2007-இலிருந்து சில ஆன்டிபயாடிக்குகளை இலவசமாகவே கொடுத்துவந்தது. இரண்டு இடத்திலும் நிபந்தனை ஒன்றுதான்: சீட்டு வேண்டும். மருந்து மலிவு; சீட்டுதான் விலை. காப்பீடு இல்லாதவர் மருத்துவருக்கான கட்டணத்தைத் தானே கொடுக்க வேண்டும். தொண்டையில் இருப்பது பாக்டீரியாவா என்று பார்க்கும் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம். நேரம் வாங்கக் காத்திருக்க வேண்டும். காத்திருந்து நேரம் கிடைத்தால் அது வேலை நாளின் நடுவே இருக்கும். 2009-இலிருந்து அமெரிக்காவின் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், டெக்சாஸிலும் அதுவே. மணிக்கணக்கில் கூலி வாங்கும் கட்டடத் தொழிலாளிக்கு அரை நாள் விடுப்பு என்றால் அரை நாள் கூலி போயிற்று. தெருமுனையில் 'தியெந்தா' எனப்படும் சிறு கடையில் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தரும் நாலைந்து ஆம்பிசிலின் கேப்சூல்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கிடைக்கின்றன. பேச்சும் ஸ்பானிய மொழியிலேயே முடிந்துவிடும்.

காப்பீடு இல்லாதவர் என்பது இங்கே விதிவிலக்கல்ல. 65 வயதுக்குட்பட்ட ஹிஸ்பானிக் மக்களில் ஏறத்தாழ 18% பேருக்குக் காப்பீடு இல்லை. வெள்ளையரிடையே அது 7 விழுக்காட்டுக்கும் கீழ். நாட்டிலேயே காப்பீடற்றோர் விகிதம் மிக அதிகமாக உள்ள மாநிலம் டெக்சாஸ். ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்தை விரிவுபடுத்த மறுத்துவரும் மாநிலங்களில் அதுவும் ஒன்று. 1996-ஆம் ஆண்டுச் சட்டம், முறைப்படி குடியேறியவர்களில் பெரும்பாலோரைக்கூட முதல் ஐந்தாண்டுகள் மெடிக்கெய்டுக்கு வெளியே நிறுத்துகிறது. குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கு 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் காப்பீட்டுச் சந்தையின் கதவையே திறக்கவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவு எவரையும் பார்த்தாக வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பார்ப்பார்கள், பில் பின்னால் வரும்.

பணத்தோடு பயமும் சேர்கிறது. 2024 நவம்பர் முதல் டெக்சாஸ் மருத்துவமனைகள் நோயாளியின் குடியேற்ற நிலையைக் கேட்க வேண்டும் என்பது ஆளுநரின் ஆணை. பதில் சொல்லாவிட்டாலும் சிகிச்சை மறுக்கப்படாது என்ற உத்தரவாதமும் அதிலேயே இருக்கிறது. ஆவணமற்ற கணவனோ தாயோ வீட்டில் உள்ள ஒருவர் காதில் கேள்விதான் விழும், உத்தரவாதம் விழாது.

கடைசியாக, இது அவர்களுக்கே உரிய வழக்கம் என்ற எண்ணம். மருந்துப் பெட்டியில் மிச்சம் வைத்த மாத்திரையை அடுத்த முறை விழுங்குவதும் சீட்டில்லாப் பயன்பாடுதான், அது எல்லா இனத்தவர் வீட்டிலும் நடக்கிறது. அமெரிக்க ஆய்வுகள் 31-ஐத் திரட்டி 2019-இல் வெளியான மதிப்பாய்வு, பிற்பாடு உதவும் என்று ஆன்டிபயாடிக்கை எடுத்து வைப்போர் 14 முதல் 48% வரை இருப்பதாகக் காட்டியது. மீன் தொட்டிக்கென்று விற்கப்படும் அமாக்ஸிசிலினை வாங்கிச் சேமிக்கும் 'பேரிடர் ஆயத்தக்காரர்கள்' ஹிஸ்பானிக் தெருக்களின் விளைபொருள் அல்லர். அரிசோனாவின் யூமாவை அடுத்த மெக்சிக எல்லை ஊரான லோஸ் அல்கோடோனெஸில் குளிர்காலம்தோறும் பல்லுக்கும் மருந்துக்கும் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற வட அமெரிக்க வெள்ளையர். அவர்கள் செய்தால் அது சிக்கனம். அயோவா மாநிலத்திலிருந்து அங்கே வந்தவரின் பண்பாட்டை யாரும் ஆராய்வதில்லை.

காரணத்தைத் தவறாகக் கொண்டால் வைத்தியமும் தவறிவிடும். கடைகளைச் சோதனையிட்டு மூடுவது பல இடங்களில் முதல் நடவடிக்கையாக இருக்கிறது. பின்னறையில் ஊசி போடும் கடைகள் ஆபத்தானவை, அவற்றை மூடத்தான் வேண்டும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்குக் கேள்வி கேட்காமல் கொடுக்கப்படும் கேப்சூல் உயிரையே எடுக்கலாம். ஆனால் ஹூஸ்டன் ஆய்வில் சொல்லப்பட்ட மூலங்கள் ஒரே இடத்தைச் சுட்டவில்லை: 40% அமெரிக்கக் கடை அல்லது மருந்தகம், 24% வேறு நாடு, 20% உறவினர் அல்லது நண்பர், 12% மீந்துபோன பழைய மருந்து, எஞ்சியது கால்நடை மருந்து. கடை மூடினால் உறவினர் இருக்கிறார். உறவினர் இல்லாவிட்டால் எல்லை தாண்டிப் போய்வருபவர் இருக்கிறார். மாலையிலும் வார இறுதியிலும் திறந்திருக்கும், ஸ்பானிய மொழி பேசும், கட்டணத்தை முன்கூட்டியே பலகையில் எழுதிவைக்கும் சிகிச்சை நிலையம் தியெந்தா இருக்கும் அதே தெருவில் வந்தால் மட்டுமே இந்தப் பட்டியலின் எல்லா வரிகளும் ஒன்றாகச் சுருங்கும்.