பருத்த வயிறும் பகுத்தறிவும்

நமது நாட்டில் வெகுகாலமாக ஒட்டிய வயிறு ஏழைக்கு அடையாளமாகவும், சரிந்த தொந்தி பணக்காரனுக்கும் மடாதிபதிக்கும் அடையாளமாகவும் இருந்து வந்தது. இன்று அந்த வித்தியாசம் ஒழிந்து வருகிறது. ஆனால் இதைச் சமத்துவம் என்று கொண்டாடுவதற்கில்லை. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சார்பில் நடந்து 2023இல் வெளியான ஆய்வோ, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குமேல் நீரிழிவு இருப்பதாகச் சொல்லுகிறது.

இதைப்பற்றி நம் ஜனங்களைக் கேட்டால் என்ன பதில் வருகிறது? "எங்கள் குடும்ப வாகு அப்படி" என்கிறான் ஒருவன். "தண்ணீர் குடித்தாலும் எனக்கு உடம்பு வைக்கிறது" என்கிறான் மற்றொருவன். "வாரம் ஒருநாள் விரதம் இருக்கிறேன், ஆண்டவன் கண் திறக்கவில்லை" என்கிறான் இன்னொருவன். தன் இலையில் என்ன விழுகிறது என்று குனிந்து பார்த்தவன் மாத்திரம் ஒருவனும் இல்லை!

பார்ப்போம். காலையில் இட்லி, அல்லது பொங்கல், அல்லது தோசை. மத்தியானம் ஒரு மலைச் சோறு, அதன் உச்சியில் ஒரு கரண்டி குழம்பு, ஓரத்தில் உருளைக்கிழங்கு. சாயங்காலம் சர்க்கரை போட்ட காப்பியும் பஜ்ஜியும். இரவில் மறுபடியும் தோசை, அல்லது பரோட்டா. பெயர்தான் வேறே தவிர சரக்கு ஒன்றுதான், அதாவது மாவு. நாம் உண்பதிலிருந்து கிடைக்கும் சக்தியில் 100க்கு 62 பங்கு மாவுச் சத்திலிருந்தும் 12 பங்குதான் புரதத்திலிருந்தும் வருகிறது என்று அதே கவுன்சிலின் ஆய்வு 2025இல் கணக்குக் காட்டியிருக்கிறது. அந்த மாவில் 5 பங்கைக் குறைத்து, அவ்விடத்தில் பயறு பருப்பு, பால் ஆகியவற்றின் புரதத்தை வைத்தால் நீரிழிவு வரும் வாய்ப்பு குறையக்கூடும் என்றும் சொல்லுகிறது.

"எங்கள் பாட்டன் படிச் சோறு தின்றான், அவனுக்கு என்ன குறைந்துவிட்டது?" என்று கேட்கலாம். பாட்டன் ஏர் ஓட்டினான், கவலை இறைத்தான், பத்து மைல் நடந்து சந்தைக்குப் போனான். பேரன் நாற்காலியில் உட்கார்ந்து, மோட்டார் சைக்கிளில் ஏறி, மெத்தையில் படுக்கிறான். பாட்டனின் உழைப்பை விட்டுவிட்டுப் பாட்டனின் சோற்றை மாத்திரம் வைத்துக்கொள்வது என்ன நியாயம்?

இனி இந்த விரதம் என்னும் புரட்டைக் கவனிப்போம். "ஒருபொழுது" இருக்கிறவர் இரவில் சோறு தொடுவதில்லை. நல்லது. அதற்குப் பதிலாக எதைத் தொடுகிறார்? பலகாரம்! உப்புமா, தோசை, ஜவ்வரிசிப் பாயசம். அரிசி சோறாக வந்தால் விரதம் கெடுமாம். அதே அரிசி தோசையாக வந்தால் கெடாதாம். கடவுள் வேண்டுமானால் இந்தக் கணக்கில் ஏமாறலாம். இரத்தத்திலுள்ள சர்க்கரை ஏமாறுமா?

கோயில்களின் படையலைப் பாருங்கள். சர்க்கரைப் பொங்கல், அப்பம், லட்டு, கொழுக்கட்டை, பஞ்சாமிர்தம்! சுண்டல் ஒன்றுதான் புத்தியுள்ள பிரசாதம். அதுவும் கைப்பிடி அளவுதான் கிடைக்கிறது. ஆடும் கோழியும் கேட்கிற சாமிக்குச் "சிறு தெய்வம்" என்று பெயர். பொங்கல் தின்கிற சாமிதான் "பெருந் தெய்வம்". சாமிக்கே இந்த ஜாதி வித்தியாசம் என்றால் மனிதனைப்பற்றிச் சொல்ல வேண்டுமா? கறி தின்பவன் கீழ், மாட்டுக்கறி தின்பவன் அதற்கும் கீழ், நெய்ப்பொங்கல் தின்பவன் மேல் என்று வைத்துவிட்டார்கள். இதனால், வசதி வந்ததும் மேல் ஜாதியைக் காப்பியடிக்க நினைக்கும் நம்மவன் முதலில் விடுவது முட்டையையும் கருவாட்டையும். பிடிப்பது சர்க்கரையையும் நெய்யையும். புலால் வேண்டாதவனைத் தின்னும்படி நாம் சொல்லவில்லை. அவனுக்குப் பருப்பு, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, மொச்சை, மோர், சோயா எல்லாம் இருக்கின்றன. கறி தின்பவனும் அளவோடு தின்ன வேண்டியதுதான். ஒருவன் உண்ணும் பண்டத்தைக்கொண்டு அவன் யோக்கியதையை அளப்பதைத்தான் அயோக்கியத்தனம் என்கிறோம்.

நிற்க. மாவைக் குறைத்து இளைப்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. லண்டனில் பிணச் சடங்கு நடத்தும் தொழில் செய்துவந்த வில்லியம் பாண்டிங் என்பவர், படகு வலித்தும் இளைக்காமல், பிறகு டாக்டர் ஒருவரின் யோசனைப்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றைத் தள்ளி, சுமார் ஓராண்டில் 46 ராத்தல் குறைந்தார். 1863இல் அதை ஒரு சிறு புத்தகமாகவும் வெளியிட்டார். புரதம் பசியை நெடுநேரம் அடக்குகிறது. அதன் சக்தியில் 100க்கு 20 முதல் 30 பங்கு அதைச் செரிப்பதிலேயே செலவாகிவிடுகிறது. மாவுக்கு 5 முதல் 10 பங்குதான் செலவு. உடல் இளைக்கும்போது தசை கரையாமல் காக்க உதவுவதும் புரதமே.

ஆனால் ஒரு மூடநம்பிக்கையை விட்டு மற்றொன்றில் விழக்கூடாது. "சோறு விஷம், கறியும் வெண்ணெயும் மாத்திரம் தின்னுங்கள்" என்று இன்று புதுக் குருமார்கள் கிளம்பியிருக்கிறார்கள். முதல் வாரத்தில் குறைகிற எடையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதை இவர்கள் சொல்லுவதில்லை. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாவையும் மற்றதற்குக் கொழுப்பையும் ஓராண்டு குறைத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளிவந்த முடிவின்படி இரு பிரிவாரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான், அதாவது 5, 6 கிலோ இளைத்தார்கள். ஆகவே மாவைக் குறைப்பதில் மந்திரம் ஒன்றுமில்லை. மொத்த ஆகாரம் குறைய வேண்டும். பசியால் வாடாமல் அதைக் குறைக்கப் புரதம் துணை செய்கிறது. இவ்வளவுதான் உண்மை. இதற்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டப்பா மாவு வாங்கத் தேவையில்லை. சிறுநீரக வியாதி உள்ளவர்களும், நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஆகாரத்தை மாற்றக்கூடாது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நம் வீட்டில் முட்டையும் மீன் துண்டமும் யார் இலைக்குப் போகின்றன? முதலில் புருஷனுக்கு, பிறகு மகனுக்கு. எல்லோரும் தின்று எழுந்தபின் பெண்ணுக்குக் கிடைப்பது மிச்சச் சோறும் மீன் போன குழம்பும். அவளுக்கு இரத்தமும் இல்லை, உடம்பு மாத்திரம் பருக்கிறது. "சும்மா தின்று கொழுத்திருக்கிறாள்" என்று அவளையே பழிக்கிறோம். வெட்கமில்லையா என்று கேட்கிறோம்.

சர்க்காரையும் கேட்க வேண்டியிருக்கிறது. பசியைப் போக்க ரேஷனில் அரிசியை இலவசமாகக் கொடுப்பது பெரிய காரியம்தான். ஆனால் துவரம் பருப்பு மாதம் ஒரு கிலோ. நாலு பேர் உள்ள குடும்பத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம் பருப்பு. அதிலுள்ள புரதம் 2 கிராம்கூடத் தேறாது! 60 கிலோ எடையுள்ளவருக்குத் தேவையோ சுமார் 50 கிராம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவில் முட்டை வந்ததுபோல, பெற்றோரின் பைக்குள்ளும் பருப்பும் பயறும் கூடுதலாக வரட்டும்.

தோழர்களே! செய்ய வேண்டியது சொற்பம். இலையில் சோற்றைப் பாதியாக்குங்கள். அந்த இடத்தில் காய்கறியையும், பருப்பு, பயறு, முட்டை, மீன் இவற்றில் கைக்கு எட்டியதையும் வையுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதமும், 100 கிராம் பருப்பில் 22 கிராமும் உண்டு. சர்க்கரையைத் தள்ளுங்கள், நடங்கள். வீட்டுப் பெண்களும் உங்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே அளவு முட்டையும் மீனும் உண்ணட்டும். இதற்கு நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை. இன்றைச் சாப்பாட்டிலேயே ஆரம்பிக்கலாம்.