தொடக்க விலையை எவ்வளவு வைப்பது?

உங்கள் வீட்டு அலமாரியில் யாரும் தொடாமல் கிடக்கும் பொருள் ஒன்று நிச்சயம் இருக்கும். அப்பா ஒரு காலத்தில் ஆசையாக வாங்கிய பிலிம் காமிரா என்று வைத்துக்கொள்வோம். அதை இணைய ஏலத்தில் விடுவதாக இருந்தால் ஆரம்ப விலை என்ன சொல்லலாம் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அப்பா சொல்லும் தொகையைக் கேட்டு அம்மா சிரிப்பார். இருவரில் யார் சொல்வது சரி என்பதை விஞ்ஞான முறையில் ஆராய முடியுமா? முடியும். பெரும்பாலும் அப்பாதான் தோற்பார் என்பது என் கருத்து.

ஈபே என்னும் இணைய ஏலத்தளம் 1995 செப்டம்பரில் அமெரிக்காவில் தொடங்கிற்று. அதை நிறுவிய பியெர் ஓமிட்யார் முதன்முதலில் விற்றது பழுதடைந்த ஒரு லேசர் சுட்டுகோலை. பழுதானது என்று எழுதியே விற்றார். ஆரம்ப விலை 1 டாலர். முடிவில் கிடைத்ததோ 14 டாலர் 83 சென்ட்! ஓடாத கருவிக்கு அவரே உட்கார்ந்து யோசித்து விலை போட்டிருந்தால் இத்தனை டாலர் எழுதத் துணிந்திருப்பாரா? சந்தேகந்தான்.

இத்தகைய ஏலத்தில் விலை எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். ஒவ்வொருவரும் தாம் கொடுக்கக்கூடிய உச்சத் தொகையைக் கணிப்பொறியிடம் ரகசியமாகச் சொல்லி வைக்கலாம். எதிராளியை மிஞ்சத் தேவையான அளவுக்கு மட்டும் அவர் சார்பில் கணிப்பொறியே கேட்டுக்கொண்டு போகும். ஆகவே வென்றவர் தம் உச்சத் தொகை முழுவதையும் கொடுக்க வேண்டியதில்லை. அவருக்கு அடுத்தபடியாக நின்று தோற்றவரின் தொகைக்குச் சற்று மேலே கொடுத்தால் போதும். இரண்டாவது தொகையே விலையாகும் ஏலத்தின் கணிதத்தை 1961-இல் விளக்கிய வில்லியம் விக்ரி 1996-இல் நோபல் பரிசு பெற்றார்.

இப்போது ஒரு கணக்கு. காமிராவுக்கு ஐந்து பேர் வருகிறார்கள். அவர்களுடைய உச்சத் தொகைகள் 300, 450, 600, 800, 850 ரூபாய். நீங்கள் 50 ரூபாயில் தொடங்கினாலும் சரி, 400 ரூபாயில் தொடங்கினாலும் சரி, ஏலம் 800-க்குச் சற்று மேலே போய்த்தான் நிற்கும். 840-இல் தொடங்கினால் ஒருவரே மிஞ்சுவார். உங்களுக்குச் சில பத்து ரூபாய் கூடுதலாகக் கிடைக்கலாம். 900-இல் தொடங்கினால் காமிரா அலமாரிக்கே திரும்பிவிடும். ஐந்து பேரின் மனத்தில் உள்ள எண்களை நீங்கள் அறியமாட்டீர்கள் அல்லவா? அப்படியிருக்கச் சில பத்து ரூபாய்க்காக 800 ரூபாயைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

இது தெரிந்தும் மனிதர்கள் ஏன் உயர்த்தியே வைக்கிறார்கள்? கானிமன், நெட்ஷ், தேலர் என்ற மூவர் 1990-இல் வெளியிட்ட பரிசோதனை இதற்கு விடை தருகிறது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காப்பிக் கோப்பையை இலவசமாகக் கொடுத்தார்கள். சற்று நேரத்துக்கெல்லாம் அதை விற்கச் சொன்னபோது, அவர்கள் கேட்ட குறைந்தபட்ச விலையின் நடு அளவு சுமார் 5 டாலர் 25 சென்ட். கோப்பை கிடைக்காத மாணவர்கள் கொடுக்க முன்வந்ததோ அதில் ஏறத்தாழப் பாதிதான். சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே இந்தப் பாசம் என்றால், இருபது ஆண்டு வீட்டில் இருந்த காமிராவைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

"குறைவாகத் தொடங்கினால் மட்டமான பொருள் என்று நினைத்துவிடுவார்களே!" என்று சிலர் வாதிடுவர். இதையும் ஒதுக்கிவிட முடியாது. முதலில் காதில் விழும் எண் மனத்தை இழுக்கும் என்பது உண்மைதான். ட்வெர்ஸ்கியும் கானிமனும் 1974-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சுழல் சக்கரம் வருகிறது. அது 10-இல் அல்லது 65-இல் மட்டுமே நிற்குமாறு அமைக்கப்பட்டது. பிறகு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் நடு விடை 25. 65-ஐப் பார்த்தவர்களின் நடு விடை 45. சக்கரத்துக்கும் ஐ.நா. சபைக்கும் என்ன சம்பந்தம்!

ஆனால் ஏலத்தில் இந்த இழுப்பு தலைகீழாகிவிடுவதைக் கூ, கலின்ஸ்கி, மர்னிகன் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் காட்டினார்கள். குறைந்த ஆரம்ப விலை பலரை உள்ளே அழைக்கிறது. ஒருமுறை கேட்டவர், செலவிட்ட நேரத்தை நினைத்து மேலும் கேட்கிறார். கூட்டத்தைக் கண்ட புதியவர் 'நல்ல பொருள் போலும்' என்று தாமும் சேர்கிறார். சந்தையில் கூட்டம் கூடிய கடையை நாடிப் போகிறோமே, அதேதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இதெல்லாம் கூட்டம் வந்தால்தான். அதே ஆராய்ச்சியில், பொருளின் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியதால் தேடுவோர் கண்ணில் படாத ஏலங்களில் குறைந்த ஆரம்ப விலையின் நன்மை காணாமல் போயிற்று. மேலே சொன்ன கணக்கில் 300 ரூபாய்க்காரரும் 850 ரூபாய்க்காரரும் மட்டுமே வந்திருந்தால் காமிரா 300 ரூபாய் சொச்சத்துக்குப் போயிருக்கும். ஒருவரே வந்தால் ஆரம்ப விலையே இறுதி விலை. அபூர்வமான பொருளைத் தேடுவோர் சிலரே. அதற்கு எந்தத் தொகைக்குக் கீழே கொடுக்க மனம் வராதோ அதிலேயே தொடங்குவதுதான் சரி. பலரும் தேடும் சாதாரணப் பொருளை மிகக் குறைவாகத் தொடங்கலாம். பொருள் எந்த வகை என்று அறிய, முன்பு விற்று முடிந்த ஏலங்களைப் பாருங்கள். விற்காமல் நிற்பவற்றின் விலையைப் பார்ப்பது வீண். அவை வேறு அப்பாக்கள் சொன்ன விலைகள்!

குறைவாகத் தொடங்கிவிட்டு, விலை ஏறவில்லையே என்று நண்பனை விட்டுப் பொய்யாக ஏற்றிக் கேட்கச் செய்வோரும் உண்டு. ஏலத்தளங்கள் இதைத் தடை செய்துள்ளன. 1 ரூபாய் என்று எழுதினால் 1 ரூபாய்க்குக் கொடுக்கவும் தயாராக இருக்க வேண்டும். அந்தத் துணிவு இல்லாதவர் 1 ரூபாய் என்று எழுதக் கூடாது.

18 வயது நிரம்பும்வரை ஈபேயில் நீங்கள் தனியாக விற்க இயலாது. அதுவரை வகுப்பிலேயே பரிசோதிக்கலாம். பாதிப் பேருக்கு ஒரே மாதிரியான பேனாவைக் கொடுங்கள். பேனா வைத்திருப்பவர், குறைந்தது எவ்வளவுக்கு விற்பார் என்று சீட்டில் எழுதட்டும். இல்லாதவர், அதிகம் போனால் எவ்வளவு கொடுப்பார் என்று எழுதட்டும். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. இரு குவியல்களையும் தனித்தனியே ஏறுவரிசையில் அடுக்கி, நடுவில் உள்ள எண்களை ஒப்பிடுங்கள். அந்தச் சீட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டிவிட்டுக் காமிராப் பேச்சைத் தொடங்கலாம்.