பிழை தேடும் வேலை யாருக்கு?

மாணவர்களே, நண்பர்கள் கூடிக் கணினி விளையாட்டு உருவாக்கும்போது கதை, ஓவியம், நிரல் என்றால் போட்டி போடுவீர்கள். விளையாடிப் பார்த்துப் பிழை தேடும் வேலையோ, நிரல் எழுதத் தெரியாதவர் தலையில் கட்டப்படும். எனக்கு இதில் உடன்பாடில்லை. அறிவியல் பிடித்தவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வினாடிக்கு 60 படச்சட்டங்கள் காட்டும் கணினியில் சரியாக ஓடும் வீரன், 30 மட்டுமே காட்டும் பழைய கைப்பேசியில் பாதி வேகத்தில் ஊர்கிறான். "மெதுவாக இருக்கிறது" என்பது வெறும் புகார். அதே கணினியில் படச்சட்ட எண்ணிக்கையை மட்டும் 30 ஆக்கிப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறி இதுதான்! அங்கும் வேகம் பாதியானால் கைப்பேசியின் மேல் பழியில்லை. கழிந்த நேரத்தைக் கணக்கில் எடுக்காமல், படச்சட்டத்திற்கு இவ்வளவு தூரம் என்று நிரல் வீரனை நகர்த்துகிறது. எழுதியவர் தம் கணினியில் மட்டுமே ஓட்டிப் பார்த்தால், இது அவர் கண்ணில் படவே படாது.