பட்டியலில் இல்லாத இதயம்

சட்டத்தில் சொல்லப்படாத குற்றத்துக்கு எவரையும் தண்டித்தல் ஆகாது என்பது நாம் அறிந்த நியதி. வைத்தியத்திலோ, பட்டியலிற் சொல்லப்படாத நோயுடையவனே தண்டனை அடைகிறான். இதனை விளக்குவோம்.

இதயத்தின் சோணையறைகள் ஒழுங்காகச் சுருங்காது நடுங்கும் நோய் ஒன்றுண்டு. அங்கே இரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி மூளைக்குச் செல்லின் பாரிசவாதம். இந்நோயாளருக்கு அவ்வாபத்து ஏனையோரிலும் ஏறத்தாழ 5 மடங்கு. தடுக்கும் மருந்துகளுள் பழையதொன்று வார்பரின். அதன் பிறப்பைக் கமக்காரர் அறிதல் நன்று. 1920களில் வட அமெரிக்காவிலே, பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர்த் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் ஒழுகி மாண்டன. காரணமான பொருளை விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக் கார்ல் லிங்க் குழுவினர் கண்டறிந்தனர். அதன் வழிவந்த வார்பரின் முதலில் எலிப் பாசாணமாக விற்கப்பட்டது. 1954 இல் மனிதருக்கும் மருந்தாயிற்று! அளவோடு கொடுத்தால் இப்பாரிசவாதங்களில் மூன்றில் இரண்டு பங்கு தடுக்கப்படும். அளவு மிஞ்சினால் மாடுகளின் கதிதான். ஆகவே அடிக்கடி இரத்தச் சோதனை வேண்டும்.

எவருக்கு மருந்து? 2010 இல் வகுக்கப்பட்ட புள்ளிக் கணக்கொன்று வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, முன்னைய பாரிசவாதம் முதலியவற்றை எண்ணுகிறது. பெரும்பாலோருக்கு அது போதும். ஆயின், பிறவியிலேயே இடது சோணையறையை ஒரு சவ்வு இரண்டாகப் பிரித்துவிட்ட இதயமும் உண்டு. 1868 இலேயே விவரிக்கப்பட்ட கோளாறு இது. பிறவி இதய நோயாளர் 1000 பேரில் 1 முதல் 4 பேருக்கே உண்டு. சவ்வின் துவாரம் சிறிதாயின், அதன் பின்னே இரத்தம் தேங்கும். அத்தகைய இதயம் நடுங்கத் தொடங்கிய 25 வயது இளைஞனுக்குக் கணக்குத் தரும் விடை பூச்சியம்.

கணக்கை வகுத்தோரைப் பழிப்பதற்கில்லை. வாதக் காய்ச்சலால் இருகூர் வால்வு சுருங்கியோருக்கு அக்கணக்குப் பொருந்தாது என்பது வைத்தியர் ஒப்பியதே. அவர்களுக்குப் புதிய றிவரொக்சபானிலும் பழைய வார்பரின் வகையே மேலென 2022 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. வால்வுக்கு விலக்கு உண்டெனில், அதையொத்த தடையைச் செய்யும் சவ்வுக்கு ஏன் இல்லை? இளவயதில் நடுக்கம் கண்டால், புள்ளிகளை எண்ணுமுன் எக்கோ கருவியால் இதயத்தைப் பார்த்தல் வேண்டும். சவ்வை அறுவைச் சிகிச்சையால் அகற்றவும் இயலும்.

அக்கருவியும் இரத்தச் சோதனையும், கமக்காரன் ஒரு நாட் கூலியை இழவாது சென்று திரும்பும் தூரத்தில் அமையவேண்டும் என்பதே நமது கோரிக்கை.